பெயர் சொல்லும்வரை

அத்தியாயம் 17

மூன்று நாள்தான் இருக்கிறது என்று சர்ச் படிக்கட்டில் பனியில் நின்றபடி என் ஓரகத்தி ட்ரைஃபீனா சொன்னதோடு போன அத்தியாயத்தை முடித்திருந்தேன். அந்த மூன்றில் இரண்டு நாளை நான் யோசித்தே தின்று தீர்த்துவிட்டேன்.

இன்று ஜனவரி ஆறு, பழைய கிறிஸ்துமஸ். வேஷம் கட்டிய மம்மர்கள் வீடு வீடாக வருவதற்கு இதுதான் கடைசி நாள். முகம் மறைக்கிற தலையணை உறைகளும் பழைய திரைச்சீலைகளும் நாளைக்குத் துவைத்து மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போய்விடும். நாளைக் காலை ஒன்பது மணி ஃபெர்ரியில் கார்லண்ட் ஹைன்ஸும் போய்விடுவான்.

கார்லண்ட் என் புருஷன் ஹெட்லியின் ஒரே தம்பி. ட்ரைஃபீனாவின் புருஷன். தொண்டையில் புற்று. நாளை மறுநாள் நகரத்து ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். உயிருக்குப் பயமில்லையாம், ஆனால் குரல் போய்விடுமாம். அண்ணனும் தம்பியும் பேசி எட்டு வருடம் ஆகிறது. இந்த டாம்சன் குடாவில் இவன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அவன் வீட்டுப் புகைபோக்கி தெரியும். சர்ச்சில் இவன் இடது பக்கம் உட்கார்ந்தால் அவன் வலது பக்கம்.

அந்த எட்டு வருடத்துக்கு யார் காரணம் என்று இந்தத் தொடரைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களிடமும் மறைக்க மாட்டேன். நான்தான்.

என் மாமனார் ஆம்ப்ரோஸ் ஒரு மார்ச் மாதம் இறந்தார். கார்லண்ட் அப்போது நாட்டின் அந்தக் கோடியில், ஆல்பர்டாவில் எண்ணெய் வயலில் இருந்தான். பனிப்புயலில் விமானமெல்லாம் நின்றுபோயிற்று. அவன் போன் செய்தபோது எடுத்தது நான். "எல்வி, அடக்கத்தை ஒரே ஒரு நாள் தள்ளி வெக்கச் சொல்லு, எப்படியாவது வந்துடறேன்" என்று அழுதான். முன்னறையில் மூன்று நாளாகச் சவப்பெட்டி இருக்கிறது. ஹெட்லி மூன்று நாளாகக் கண் மூடவில்லை, அப்போதுதான் அசந்திருந்தான். பாதிரியார் வேறு அடுத்த தீவுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். எழுப்பிக் கேட்டால் ஹெட்லி தள்ளி வைத்துவிடுவான், இன்னொரு நாளை நான் தாங்க மாட்டேன் என்று தோன்றியது. "முடியாதுன்னு ஹெட்லி சொல்றான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவனை நான் கேட்கவே இல்லை.

மறுநாள் குழி மேட்டில் நின்றுகொண்டு, "ஒரு போன்கூடப் பண்ணலையே பாவி" என்று ஹெட்லி ஊர் கேட்கச் சொன்னான். அங்கேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் பயணப் பெட்டியோடு வந்து வாசலில் நின்ற தம்பியைப் பார்த்து, "இனிமே இந்த வீட்ல உன் காலு படக்கூடாது" என்றான். கார்லண்ட் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான். அண்ணன்தான் தன்னை அப்பாவின் முகத்தைப் பார்க்கவிடவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

சொல்லித் தொலைப்பதுதானே என்று நீங்கள் திட்டுவது காதில் விழுகிறது. இந்த எட்டு வருடத்தில் எத்தனையோ முறை ஹெட்லியின் எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்தேன். டீ ஆறிப்போச்சா என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன். அவ்வளவு தைரியசாலி நான்.

ஆனால் இன்றைக்குக் காலையில் எழும்போதே முடிவு செய்துவிட்டேன். கார்லண்ட் தன் சொந்தக் குரலில் அண்ணனோடு பேசாமல் அந்த ஃபெர்ரியில் ஏறக் கூடாது. அவன் பேசினால் என் பொய் வெளியே வரும். வரட்டும்.

ஒரு சிக்கல். வியாதியைப் பற்றி ஹெட்லியிடம் மூச்சு விடக் கூடாது என்று ட்ரைஃபீனா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "பாவம் பார்த்து அண்ணன் கதவு தெறக்க வேணாம்னு கார்லண்ட் சொல்லிட்டான் பொண்ணே" என்றாள். எங்கள் ஊரில் பல் விழுந்த பிறகும் பெண்கள் ஒருவரையொருவர் பொண்ணே என்றுதான் கூப்பிடுவோம். ஆண்களும் அப்படித்தான், அப்பா வயதுக்காரரைக்கூட மகனே என்பார்கள்.

அதனால் காலையில் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். மாவு உருண்டைகளைத் தட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரித்து, வெல்லப்பாகு ஊற்றி ஹெட்லி முன்னால் வைத்தேன். அவன் ஒரு கையில் சாப்பிட்டுக்கொண்டு இன்னொரு கையால் இறால் கூண்டுக்கான வலையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கார்லண்ட் நாளைக்கு நகரத்துக்குப் போறானாம்."

"போகட்டும். ஃபெர்ரி எல்லாருக்கும்தானே ஓடுது."

"போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பார்த்துட்டு வரலாம்ல?"

"எதுக்கு? அவன் கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுத் திரியறவன். இன்னிக்குப் போவான், அடுத்த வாரம் வருவான்."

"ஒருவேளை அவன் இங்க வந்தா?"

வலையைக் கீழே வைத்தான். "எல்வி, இன்னும் கொஞ்சம் பாகு ஊத்து. காலங்காத்தால அவன் பேரைச் சொல்லி என் வாயைக் கசக்க வைக்காத. இந்த வாசல்ல அவன் காலு படாது. சொன்னது சொன்னதுதான்."

பாகை ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "இன்னிக்கு மம்மர் வந்தா உள்ள விடலாமா, இல்ல அவங்களுக்கும் கதவு சாத்தணுமா?"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன பேச்சு இது? மம்மருக்கு இந்த வீட்ல என்னிக்குக் கதவு சாத்தியிருக்கேன்? பிசாசே தலையணை உறையை மாட்டிட்டு வந்து தட்டினாலும் உள்ள விடுவேன். ஆடச் சொல்லி, ஆளைக் கண்டுபிடிச்சு, கேக் குடுத்துதான் அனுப்புவேன்."

"அதானே கேட்டேன்."

"ஆனா நான் இருக்க மாட்டேன். நாலு மணிக்கு சர்ச் ஹால்ல ஊர்ச் சாப்பாடு. அக்கார்டியன் வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க."

இது நான் எதிர்பாராதது. வாய்வார்த்தையால் அவனை வீட்டில் நிறுத்த முடியாது என்று இருபத்திரண்டு வருட அனுபவம் சொன்னது. அவன் கொட்டகைக்குப் போனதும் ட்ரைஃபீனாவுக்குப் போன் பண்ணி என் மம்மர் யோசனையைச் சொன்னேன். பிறகு கதவோரம் இருந்த அவனுடைய பனி பூட்ஸில் இடது காலை மட்டும் எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

குடாவைச் சுற்றி அந்தக் கரைக்கு நடக்க இருபது நிமிடம். காற்று முகத்தைப் பிய்த்தது. திரும்பிவிடலாமா என்று இரண்டு இடத்தில் நின்றேன். நின்றால் காற்று இன்னும் மோசமாக அடித்ததால் நடந்தேன்.

கார்லண்ட் அடுப்பங்கரைக் கட்டிலில் கம்பளி போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். கட்டிலடியில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

"மாட்டேன்" என்றான், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. குரல் உப்புத்தாளைத் தேய்க்கிற மாதிரி வந்தது. "ட்ரைஃபீனா எல்லாம் சொல்லிட்டா. பொம்பளை கவுனை மாட்டிட்டு அவன் முன்னாடி நான் ஆடணுமா?"

"போன தடவை ஆடினப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு எல்வி."

"அப்ப உன்னை ஒரு ஆளு கண்டுபிடிக்க முடிஞ்சுதா? பாதிரியாரையே ஏமாத்தி ரெண்டு துண்டு கேக் தின்னவன் நீ. இன்னிக்கு ஏமாத்த வேணாம். அவன் உன்னைக் கண்டுபிடிக்கணும், அதுக்குத்தான் கூப்பிடறேன்."

ட்ரைஃபீனா குறுக்கே வந்தாள். "அவன் பேசக் கூடாது பொண்ணே. மம்மர் குரல்ல பேசினா தொண்டை கிழிஞ்சிடும். டாக்டர் கத்தவே கூடாதுன்னிருக்கார்."

மம்மர் குரல் என்பது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவது. அப்படிப் பேசினால் பெற்ற தாய்க்கும் பிள்ளையின் குரல் பிடிபடாது. நல்ல தொண்டைக்காரர்களுக்கே நாலு வார்த்தையில் வறண்டுவிடும்.

"நீ பேசு, அவன் தலையாட்டட்டும்" என்றேன். "வழக்கம் தெரியும்ல கார்லண்ட்? வந்த மம்மரை வீட்டுக்காரன் வெளிய தள்ள முடியாது. மூணு தடவை பேர் சொல்லிப் பார்க்கணும். சரியாச் சொல்லிட்டா நீ முகத்தைத் தெறக்கணும், அவன் நாற்காலி போடணும், கேக் வைக்கணும். அதுக்கப்புறம் உன் சொந்தக் குரல்ல என்ன வேணா கேளு."

"சொல்லலைன்னா?"

"வந்த மாதிரியே திரும்பிப் போகணும்."

"அவன் சொல்ல மாட்டான்."

"அதை அவன் வாயாலயே கேட்போம். நீ வா."

கார்லண்ட் கம்பளியைத் தள்ளிவிட்டுக் காலைக் கீழே தொங்கப்போட்டான். பிறகு கேட்டான். "அன்னிக்கு நான் போன் பண்ணினப்ப அவன் என்ன வார்த்தை சொன்னான் எல்வி? முடியாதுன்னு மட்டும்தானா? எட்டு வருஷமா யோசிக்கிறேன். வேற ஏதாவது சொல்லியிருப்பான், நீதான் மரியாதைக்கு மறைச்சிட்டியோன்னு."

இங்கேயே சொன்னால் என் மேல் இருக்கிற கோபத்தில் இவன் கிளம்பவே மாட்டான். அதுவும் ஒரு சாக்குத்தானோ என்னவோ, எனக்கே தெரியவில்லை.

"அதை அவன்கிட்டயே கேளு" என்றேன். "நான் பக்கத்துல நிப்பேன். ஓடிப் போக மாட்டேன். இது சத்தியம்."

பையிலிருந்து பூட்ஸை எடுத்தேன். கார்லண்ட் முதல் தடவையாகச் சிரித்தான்.

"திருடிட்டு வந்தியா?"

"வலது காலுக்கு உன்னோடதைப் போட்டுக்க. இது ரெண்டு அளவு பெருசு, உன் நடை மாறிடும். அவனும் வீட்டை விட்டு நகர முடியாது."

ட்ரைஃபீனாவின் ரோஜாப்பூ போட்ட பழைய கம்பளி கவுனுக்குள் அவனை நுழைத்தோம். வயிற்றில் ஒரு தலையணை, பின்னால் ஒன்று. அந்தத் தலையணைகள் இல்லாவிட்டால் கவுன் அவன் மேல் தொங்கியிருக்கும். விரல் தெரியாமல் கையுறை, தலைக்கு வைக்கோல் தொப்பி, முகத்துக்குப் பின்னல் திரைச்சீலை. ட்ரைஃபீனா மீன்பிடிக்கப் போகும்போது நனையாமலிருக்கப் போடுகிற எண்ணெய்த்துணிக் கோட்டு ஒன்றை மாட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட தலையணை உறையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"இருட்டினதும் வாங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குத் திரும்பினேன்.

மூன்றே முக்காலுக்கு ஹெட்லி கதவோரம் குனிந்து தேடிக்கொண்டிருந்தான்.

"எல்வி, என் இடது பூட்ஸ் எங்க?"

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்."

"நம்மகிட்ட நாயே கெடையாதே!"

"ஊர் நாய்."

"ஊர் நாய் கதவைத் தெறந்து, பூட்ஸை எடுத்துட்டு, கதவைச் சாத்திட்டுப் போச்சாக்கும்?"

கட்டிலுக்கடியில் பார்த்தான், விறகுப் பெட்டியில் பார்த்தான், என்னையும் ஒரு மாதிரி பார்த்தான். நான் பழக் கேக்கை எடுத்து மேஜையில் வைத்துத் துடைத்த கத்தியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொட்டகை ரப்பர் செருப்போடாவது போகிறேன் என்று அவன் கோட்டை மாட்டுவதற்குள் நாலரை ஆகி வெளியே இருட்டிவிட்டது.

கதவில் தடியால் மூன்று தட்டு.

"மம்மர் உள்ள வரலாமா?" மூச்சை உள்ளிழுத்த குரல். ட்ரைஃபீனா.

என் புருஷன் ஹெட்லியிடம் ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் அந்தத் தட்டைக் கேட்டால் அவனுக்குப் பத்து வயதுதான். கோட்டைக் கழற்றி எறிந்தான். "வரலாம், வரலாம்! எத்தனை பேரு? ரெண்டே பேரா? காலைத் தட்டிட்டு வாங்கடா, வீட்டைப் பனியாக்காதீங்க!"

இரண்டு பேரும் அடுப்பங்கரை நடுவில் வந்து நின்றார்கள். பூட்ஸில் இருந்த பனி கரைந்து தரையில் தேங்கியது.

ஹெட்லி எண்ணெய்த்துணிக் கோட்டு போட்ட மம்மரைச் சுற்றி வந்தான். "இது ஆம்பளையா பொம்பளையா? மகனே, நீ யாரு?"

"கடல்லேர்ந்து வரேன்" என்று ட்ரைஃபீனா மூச்சை இழுத்தாள்.

"கடல்ல இவ்வளவு குட்டையா ஒண்ணும் கெடையாதே. சரி, இந்த அம்மா யாரு? என்னம்மா வயிறு இது, எட்டாவது மாசமா?"

கவுன் போட்ட மம்மர் வயிற்றைத் தடவித் தலையாட்டியது. ஹெட்லி வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஆடும்மா, ஆடிக்காட்டு. ஆட்டத்துல மாட்டாத ஆளே கெடையாது" என்று அக்கார்டியனை எடுத்து இழுத்தான்.

கார்லண்ட் ஆடினான். பெரிய பூட்ஸ் இழுத்துக்கொண்டு வந்தது, மூச்சு வாங்கியது, ஆனாலும் ஆடினான். பாட்டு திரும்புகிற இடத்தில் இடது குதிகாலால் இரண்டு தட்டு தட்டினான். மற்றவர்கள் அங்கே ஒரு தட்டுத்தான் தட்டுவார்கள். ஆம்ப்ரோஸ் ஹைன்ஸ் இரண்டு தட்டுவார். அவருடைய பையன்கள் இரண்டு தட்டுவார்கள். வேறு ஒருவருக்கும் அது வராது.

அக்கார்டியன் நின்றது.

ஹெட்லி அந்தக் குதிகாலைப் பார்த்தான். அந்தக் காலில் இருந்த, சிவப்பு ரப்பர் ஒட்டுப் போட்ட தன் பூட்ஸைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்தது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. இனி அவன் வாய் திறந்து அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவன் அக்கார்டியனைக் கட்டில் மேல் வைத்தான். நிதானமாகக் கையைக் கட்டிக்கொண்டான்.

"தபால் ஆபீஸ் மார்த்தாவா?" என்றான்.

கவுன் மம்மர் இல்லையென்று தலையாட்டியது.

"நல்லாப் பாரு ஹெட்லி" என்றேன்.

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். அப்ப நம்ம பாதிரியாரோ?"

மறுபடியும் தலையாட்டல். திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சு இரைந்தது.

"அவ்வளவுதான்" என்றான் ஹெட்லி. முகத்தில் சிரிப்பு சுத்தமாக இல்லை. "எனக்குத் தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல. கதவு அந்தப் பக்கம் இருக்கு. வந்த மாதிரியே போங்க."

ட்ரைஃபீனா என்னைப் பார்த்தாள். உறையின் ஓட்டைக்குள் கண் நிறைந்திருந்தது. "ஹெட்லி, கல்லாடா நீ?" என்று நான் கத்தப் போனேன். அதற்குள் கார்லண்ட் ஒரு காலை முன்னால் வைத்தான். பேசக் கூடாதவன் பேசினான். மூச்சை உள்ளே இழுத்து, பழைய பத்தொன்பது வயது மம்மர் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துப் பேசினான்.

"மூணு... தடவை. ரெண்டுதான்... ஆச்சு."

அதற்குமேல் தொண்டை தாங்கவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை. அவன் இரண்டாக மடிந்தான், கையுறையோடு மேஜையைப் பிடித்தான், மேஜையில் இருந்த கோப்பைகள் ஆடின. இருமலுக்கு வேஷம் போட முடியாது. சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்துக் கேட்ட இருமல் அது. ஹெட்லியின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது.

"என்ன ஆச்சு அவனுக்கு?"

"தண்ணி!" என்று ட்ரைஃபீனா சொந்தக் குரலில் அலறினாள். "திரையைத் தூக்குடா கார்லண்ட், மூச்சு விடு!"

தண்ணீர்க் கோப்பையோடு ஓடினேன். கார்லண்ட் அதைக் கையால் தள்ளினான். இருமிக்கொண்டே, முகத்துத் துணியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையாட்டினான். துணி மூச்சோடு வாய்க்குள் போய்ப் போய் வந்தது.

"தூக்குடா அதை!" என்று ஹெட்லி பாய்ந்து வந்தான். "பைத்தியமா உனக்கு? தூக்கு!"

தலையாட்டல்.

"செத்துடுவடா!"

தலையாட்டல். இடது கையைத் தூக்கி, கையுறைக்குள் ஒரு விரலை நீட்டிக் காட்டினான். இன்னும் ஒன்று பாக்கி என்கிறான். பிடிவாதத்தில் இந்த ஹைன்ஸ் வம்சத்தை அடித்துக்கொள்ள ஆளே இல்லை, மூச்சுத் திணறும்போதும் விட மாட்டார்கள்.

"கார்லண்ட்!" என்று ஹெட்லி கத்தினான். ஜன்னல் அதிர்ந்தது. "கார்லண்ட் ஹைன்ஸ்! என் தம்பி! சொல்லிட்டேன், போதுமா? தூக்குடா மகனே, தூக்கு!"

தம்பி கையை விட்டான். அண்ணன்தான் அந்தத் திரைச்சீலையைப் பிடுங்கி எறிந்தான்.

அவன் முகத்தைப் பார்த்து ஹெட்லி ஒரு அடி பின்வாங்கினான். எட்டு வருடமாகச் சர்ச்சில் எதிர்ப்பக்கம் பார்க்காமலேயே இருந்துவிட்டவன், இந்த முகம் எப்போது இப்படி ஆனது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பிறகு தோளைத் தாங்கி, தானே தண்ணீர் புகட்டி, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான்.

"எப்படா இப்படி எளைச்ச?"

"கவுன் போட்டா... ஒல்லியாத்தான் தெரியும்" என்றான் கார்லண்ட். சொந்தக் குரல், உப்புத்தாள் குரல்.

"வெளையாடாத. என்ன இது?"

கார்லண்ட் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். "நாளான்னிக்கு இதை எடுக்கறாங்க. அப்புறம் நீ என்ன திட்டினாலும் நான் திருப்பித் திட்ட முடியாது. உனக்குக் கொண்டாட்டம்தான்."

ஹெட்லி கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். அக்கார்டியன் அவனுக்கு அடியில் மாட்டி ஒரு முனகல் முனகியது. யாரும் சிரிக்கவில்லை. "எனக்கு ஏன்டா சொல்லல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

நான் கேக் வெட்டினேன். பெயர் சொன்னபிறகு கேக் வைத்தாக வேண்டும், அதுதான் வழக்கம். ஒரு துண்டு கார்லண்டுக்கு, ஒன்று ட்ரைஃபீனாவுக்கு. ட்ரைஃபீனா உறையைக் கழற்றி அதிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கார்லண்ட் கேக்கைத் தொடவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு திராட்சையை மட்டும் விரலால் நகர்த்தினான்.

"ஹெட்" என்றான். சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். "குரல் இருக்கறப்பவே ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். ஒரே ஒரு நாள்தானே கேட்டேன்? அப்பாவைக் கடைசியா ஒரு தடவை பார்க்கணும்னு ஒரு நாள் கேட்டேன். ஏன் முடியாதுன்னுட்ட?"

ஹெட்லி கையை முகத்திலிருந்து எடுத்தான். "எந்த நாள்?"

"விளையாடாத நீயும்."

"சத்தியமா எனக்குப் புரியலடா. எந்த நாளு? யாருகிட்ட கேட்ட? நீ ஒரு போன்கூடப் பண்ணலையே!"

"பண்ணலையா?" கார்லண்டின் குரல் உடைந்தது. "ஏர்போர்ட்ல நின்னு அழுதுக்கிட்டே பண்ணினேன். எல்வி..."

அவன் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான். ட்ரைஃபீனா பார்த்தாள். கடைசியாக ஹெட்லி பார்த்தான். கேக் கத்தி இன்னும் என் கையில் இருந்தது. அதை மேஜையில் வைத்தேன். டீ போடட்டுமா என்று கேட்க நாக்கு தவித்தது. இந்தத் தடவை அதை விடவில்லை.

"என்கிட்டதான் கேட்டான்" என்றேன். "நீ தூங்கிட்டு இருந்த. எழுப்பினா நீ தள்ளி வெச்சிடுவன்னு தெரியும். எனக்கு அது சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. அதனால நீ முடியாதுன்னு சொன்னதா நானே சொல்லிட்டேன். அவன் போன் பண்ணலைன்னு நீ குழி மேட்டுல சொன்னப்பவும் பேசாம நின்னேன். உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. நான் பண்ணினது. எட்டு வருஷமா நான் பண்ணினது."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்து விழுந்தது. கார்லண்ட் தன் கேக் துண்டைத் தள்ளி வைத்தான்.

ஹெட்லி எழுந்தான். என் எதிரே வந்து நின்றான். மேலிருந்து கீழே பார்த்தான், சுற்றி வந்து பார்த்தான். வேஷம் கட்டி வந்தவர்களை அவன் எப்படிப் பார்ப்பானோ அப்படியே. இருபத்திரண்டு வருடத்தில் என்னை அவன் அப்படிப் பார்த்ததில்லை. அவன் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பிறகு ட்ரைஃபீனா பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"இது யாருன்னு எனக்குத் தெரியலையே."

கதவு நாலு அடியில்தான் இருந்தது. வந்த மாதிரியே போ என்பதுதான் அதற்கு அடுத்த வார்த்தை, எனக்குத் தெரியும்.

நான் கதவுப் பக்கம் போகவில்லை. அடுப்பங்கரை நடுவில், மம்மர்கள் நின்ற இடத்தில், பூட்ஸ் பனி கரைந்து தேங்கியிருந்த தண்ணீரில் போய் நின்றேன்.

"இது முதல் தடவைதான் ஹெட்லி" என்றேன். "இன்னும் ரெண்டு இருக்கு. நான் இங்கதான் நிக்கிறேன்."